உடைந்த ஓடும் பழைய ஃபேனும்: வாசலில் ஒரு வண்ணத் தோட்டம் போடும் முறை

பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வேலந்தாவளம் பக்கம் ஓட்டு வீட்டைப் பிரித்து கான்கிரீட் போடும் வேலை இன்னும் நின்றபாடில்லை. பிரித்த ஓடு சுவரோரம் அடுக்கிக் கிடக்கிறது. பக்கத்திலேயே ஓடாத டேபிள் ஃபேன், கால் உடைந்த இரும்புக் கட்டில், பெயிண்டர் விட்டுப்போன 20 லிட்டர் வாளிகள். ஒரு வண்ணத் தோட்டத்துக்குத் தேவையானதில் முக்கால்வாசி இதிலேயே இருக்கிறது. மீதியைச் செடியும் சிமெண்டும் கொஞ்சம் பெயிண்டும் பார்த்துக்கொள்ளும்.

இந்த வேலையில் இறங்கும் முன் ஒருமுறை மலம்புழா போய் வாருங்கள். அணைக்குப் பக்கத்தில் இருக்கும் ராக் கார்டன், சண்டிகரில் அதே பெயரில் தோட்டம் உண்டாக்கிய நேக் சந்த் அமைத்தது. சண்டிகரில் அவர் பொதுப்பணித் துறையின் சாலை ஆய்வாளர். 1957 வாக்கில் யாரிடமும் சொல்லாமல், இடித்த வீடுகளின் மிச்சத்தைச் சேர்த்துத் தன் தோட்டத்தைத் தொடங்கினார். 1976இல்தான் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. உடைந்த வளையல், டைல்ஸ், பீங்கான், தகரம் எல்லாமே அவர் கையில் சிற்பமாகின. அவரிடம் நாம் கற்க வேண்டியது ஒன்று உண்டு. ஒரு சிற்பத்தில் பத்து வகைச் சாமானை அவர் பெரும்பாலும் கலக்கவில்லை. ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப வைத்தார். ஒரு வளையல் துண்டு குப்பை, அதுவே நூறு சேர்ந்தால் சிற்பத்தின் புடவை. வீட்டுத் தோட்டத்திலும் இதேதான். ஒரு பாட்டில், ஒரு டயர், ஒரு தகர டப்பா, ஒரு பொம்மை என்று ஒவ்வொன்றாக வைத்தால் அந்த இடம் ஆக்ரிக் கடை (பழைய சாமான் கடை) முற்றமாகத்தான் தெரியும். முப்பது பச்சைப் பாட்டிலை வரிசையாகப் புதைத்தால் அது பாத்தியின் கரை.

முதலில் தண்ணீர், பிறகு காற்று

வண்ணத்தைப் பற்றி யோசிக்கும் முன் வாசலைக் கவனியுங்கள். காலை எட்டு மணிக்கு எங்கே வெயில், மதியம் எங்கே, நாலு மணிக்கு எங்கே என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். பூச்செடிக்கு ஆறு மணி நேர வெயில் வேண்டும். அது கிடைக்காத இடத்துக்குக் குரோட்டன்ஸ், கோலியஸ், மணி பிளாண்ட் போன்ற இலைச் செடிகள்தான்.

ஒரு நல்ல மழை நாளில் தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது என்றும் பாருங்கள். அந்த வழியை அடைத்து எதையும் கட்டாதீர்கள். வேண்டுமானால் அதையே நடைபாதை ஆக்கலாம். இரண்டரை அடி அகலம் போதும், இருபுறமும் ஓடுகளை நட்டு நிறுத்தினால் கரை.

காற்றை நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்திருக்கும் பாலக்காட்டுக் கணவாய்க்குள் நாம் குடியிருக்கிறோம். ஆடியில் மேற்கிலிருந்தும், மார்கழி தையில் கிழக்கிலிருந்தும் வீசும். கம்பியில் கட்டிய எதுவும் ஆடும், உரசும், கடைசியில் அறுந்து விழும். தொங்கவிடும் பொருளுக்கு நைலான் கயிறு வேண்டாம், அது வெயிலில் நைந்துவிடும். கட்டுக்கம்பியை இரண்டு இழையாக முறுக்கிக் கட்டுங்கள். ஆள் நடமாடும் இடத்தில் கண் உயரத்துக்கு எதுவும் தொங்கக் கூடாது.

பெயிண்ட், சிமெண்ட் வேலைகளைத் தை முதல் பங்குனிக்குள் முடித்துவிடுவது நல்லது. ஈரக்காற்றில் அடித்த பெயிண்ட் பிடிப்பதில்லை. செடி நடுவதற்கு முதல் மழை வரட்டும்.

எதைச் சேர்ப்பது, எதைத் தொடவே கூடாது

வீட்டில் கிடைத்தது போக மீதிக்கு ஆக்ரிக் கடைக்குப் போங்கள். எல்லை தாண்டிப் பொள்ளாச்சி பக்கம் பழைய இரும்புக் கடை என்று கேட்க வேண்டும். "அண்ணா, ஃபேன் றெக்கையும் கிரில்லும் மட்டும் எடை போட்டுக் குடுங்க" என்றால் இரும்பு விலைக்கே கொடுத்துவிடுவார்கள். டைல்ஸ் கடைகளில் உடைந்த பெட்டிகளைக் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கிடைக்கும். வளையல் கடையிலும் கேட்டுப் பாருங்கள்.

பழைய ஓட்டைப் புரட்டிப் பாருங்கள். மங்களூரில் பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு 1865இல் ஓட்டு ஆலை தொடங்கிய பிறகு இந்த வகை ஓடு மலபார் முழுக்கப் பரவியது. ஒவ்வோர் ஆலையும் தன் முத்திரையை ஓட்டின் அடிப்புறம் பதித்தது. யானை, நட்சத்திரம், பறவை, ஆலையின் பெயர். அடுக்கைப் பிரிக்கும்போது முத்திரை முழுதாக இருக்கும் ஓடுகளைத் தனியாக எடுத்து வையுங்கள். சுவரில் பதிக்க அதைவிட நல்ல சிற்பம் விலைக்குக் கிடைக்காது. இவற்றுக்கு மட்டும் பெயிண்ட் அடிக்காதீர்கள், அந்தச் செம்மண் நிறம் அப்படியே இருக்கட்டும்.

ஒதுக்க வேண்டியவற்றில் முதலிடம் பூச்சிமருந்து டப்பாவுக்கு. லேபிளில் இருக்கும் முக்கோணத்தில் சிவப்போ மஞ்சளோ நீலமோ பச்சையோ, எந்த நிறம் இருந்தாலும் சரி, எத்தனை தடவை கழுவினாலும் சரி, வீட்டுத் தோட்டத்துக்குள் அது வரக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை வெட்டவோ உடைக்கவோ கூடாது, அதன் தூசு நுரையீரலுக்குக் கேடு. டியூப் லைட்டிலும் சிஎஃப்எல் பல்பிலும் பாதரசம் இருக்கிறது. பழைய பேட்டரி வேண்டவே வேண்டாம். பழைய கதவு, கேட் விஷயத்திலும் கவனம் தேவை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டை உலர்வாகத் தேய்த்தால் ஈயத்தூசு பறக்கும். தண்ணீர் தொட்டு, ஈர உப்புத்தாளால் தேய்த்து, வழித்த சேற்றைத் தனியாகக் கட்டி அப்புறப்படுத்துங்கள். குழந்தைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

டயர் பூச்செடிக்கு ஏற்றது. ஆனால் அதில் கீரையோ தக்காளியோ போடுவதை நான் சொல்ல மாட்டேன். டயர் மெல்ல மெல்ல மண்ணில் துத்தநாகமும் வேறு ரசாயனங்களும் விடும். சாப்பிடும் செடிக்கு மண் தொட்டியும் கட்டிய பாத்தியும் இருக்கின்றன.

சேர்த்த சாமானைத் தரையில் குவித்து வைக்காதீர்கள். ஓட்டு அடுக்குக்குள்ளும் பாட்டில் குவியலுக்குள்ளும் பாம்பும் தேளும் வந்து தங்கும். கல் வைத்து, பலகை போட்டு, தரையிலிருந்து ஓரடி உயரத்தில் அடுக்குங்கள். எடுக்கும்போது கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

தொட்டிகள்

எந்தப் பாத்திரமும் தொட்டியாகும், அடியில் ஓட்டை இருந்தால். பெயிண்ட் வாளிக்குச் சுண்டுவிரல் நுழையும் அளவில் ஐந்தாறு ஓட்டை போடுங்கள். தரை சமமாக இருந்தால் அடி ஓட்டை அடைத்துக்கொள்ளும். அதனால் பக்கவாட்டிலும், அடியிலிருந்து ஓர் அங்குலம் மேலே, இரண்டு ஓட்டை இருக்கட்டும். டிரில்லிங் மிஷின் இல்லாவிட்டால் ஆணியைச் சூடாக்கிக் குத்தலாம். அதை வெட்டவெளியில் செய்யுங்கள், புகையை மோந்து பார்க்க வேண்டாம்.

ஓட்டைக்கு மேல் ஒரே ஒரு ஓட்டுச்சில்லு, கவிழ்த்து வைத்தால் போதும். ஜல்லியைக் கனமாகப் பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் அது வேருக்கு இருக்கிற இடத்தைத்தான் குறைக்கிறது. ஈரம் ஜல்லிக்கு மேலேயே மண்ணில் தங்கிவிடும்.

மண் கலவை எளிது. செம்மண் ஒரு பங்கு, மட்கிய சாணி ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவு நமக்குப் பக்கத்திலேயே பொள்ளாச்சிக் கயிறு ஆலைகளில் கிடைக்கும். அதில் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து, இரண்டு மூன்று தடவை அலசிய பிறகுதான் மண்ணில் சேர்க்க வேண்டும். அலசாமல் போட்ட தொட்டியில் இலை நுனி கருகுவதைப் பார்க்கலாம்.

டயருக்கு அடிப்பக்க விளிம்பில் நாலைந்து ஓட்டை கட்டாயம். அந்த உள்மடிப்பில்தான் தண்ணீர் தேங்கும். கறுப்பு ரப்பர் நம் பங்குனி வெயிலில் வேரை வேகவைத்துவிடும் என்பதால் வெளிர் நிறம் அடிப்பது அழகுக்கு மட்டுமல்ல, செடிக்கும் நல்லது.

வண்ணம்

மூன்று நிறம் முடிவு செய்யுங்கள். நாலாவது நிறத்தைப் பூ கொண்டுவரும். செம்மண் நிறத்தில் ஓடும் சுவரும் இருக்கும் வாசலுக்கு மஞ்சள், மயில்நீலம், வெள்ளை நன்றாக எடுபடும். எல்லாத் தொட்டிக்கும் இந்த மூன்றுக்குள்தான் நிறம். இப்படிக் கட்டுப்படுத்தினால் உருவத்தில் எவ்வளவு விளையாடினாலும் தோட்டம் கலைந்து தெரியாது.

இரும்புக்கும் தகரத்துக்கும் துருவைத் தேய்த்து எடுத்து, ரெட் ஆக்சைடு பிரைமர் ஒரு கோட், எனாமல் இரண்டு கோட். இடையில் முழுதாகக் காய விடுங்கள். பிளாஸ்டிக் வாளியை உப்புத்தாளால் லேசாகச் சொரசொரப்பாக்கினால்தான் பெயிண்ட் நிற்கும். மண் பானைக்கும் செங்கல்லுக்கும் எனாமல் வேண்டாம். சுண்ணாம்பை நீற்றி, வடிகஞ்சி கொஞ்சம் ஊற்றி, சிமெண்ட் தரைக்குக் கலக்கும் ஆக்சைடு பொடியைச் சேர்த்துப் பூசுங்கள். இரும்பு ஆக்சைடு நிறங்கள் வெயிலில் எளிதில் வெளுக்காது, பானையும் மூச்சு விடும்.

டைல்ஸ் கோலம்

இந்தத் தோட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவருக்கு மொசைக் வேலை பாதி தெரியும். கட்டம் ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஐந்துக்கு ஐந்து புள்ளியில் ஒரு கோலத்தைத் தாளில் போட்டுப் பாருங்கள். புள்ளிக்கு வளையல் துண்டோ சின்ன டைல்ஸ் சில்லோ, இழைக்கு ஒரே நிற டைல்ஸ், இடைவெளிக்கு வெள்ளை. இப்படி ஐந்தாறு கல் செய்து நடைபாதையில் பதித்தால், மழையில் அழியாத கோலம் வாசல் வரை வரும்.

டைல்ஸைச் சாக்குக்குள் போட்டுக் கட்டி, மேலே சுத்தியலால் தட்டுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் இந்த வேலையில் உட்கார வேண்டாம். கால் படும் கல்லுக்குத் தரை டைல்ஸ்தான், வழவழப்பான சுவர் டைல்ஸ் மழையில் வழுக்கும். கண்ணாடித் துண்டும் கூர்மையான பீங்கானும் சுவர் வேலைக்கு மட்டும். தரைக்கு எடுக்கும் வளையல் துண்டின் முனைகளைக் கருங்கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்து மழுக்கிவிடுங்கள்.

அச்சுக்குப் பழைய பிளாஸ்டிக் பேசின் போதும். உள்ளே எண்ணெய் தடவுங்கள். சிமெண்ட் ஒரு பங்கு, சலித்த மணல் மூன்று பங்கு, கையில் பிடித்தால் உருண்டை நிற்கும் பதத்தில் தண்ணீர். ஓரங்குலம் போட்டு, அதன் மேல் கோழி வலைத் துண்டு ஒன்று வைத்து, மேலும் ஓரங்குலம் போட்டு மட்டம் செய்யுங்கள். அரை மணி நேரத்துக்குள் துண்டுகளைப் பதித்தாக வேண்டும், அதனால் கோலத்தை முன்பே ஒரு பலகையில் அடுக்கி வைத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து தொடங்கி வெளியே வாருங்கள். துண்டுக்கும் துண்டுக்கும் இடையே ஒரு நெல் அகலம் விடுங்கள். முடிந்ததும் ஒரு பலகையை மேலே வைத்து அழுத்தினால் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வரும்.

மறுநாள் வெள்ளைச் சிமெண்டைக் குழைத்து இடுக்குகளில் நிரப்பி, ஈரப் பஞ்சால் மேல்பரப்பைத் துடையுங்கள். பிறகு ஈரச் சாக்கு போட்டு மூடி, ஒரு வாரம் காயவிடாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும். நம் கிழக்குக் காற்று ஈரத்தை ஒரு மணி நேரத்தில் இழுத்துவிடும், அதனால் நிழலில் வையுங்கள். ஒரு வாரம் கழித்து அச்சிலிருந்து எடுத்து, மணல் பரப்பிய பள்ளத்தில், தரைக்குச் சமமாகப் பதியுங்கள். சிமெண்ட் கலக்கும்போது கையுறை கட்டாயம், வெறும் கையைப் பொத்துவிடும்.

துணியில் தொட்டி

பழைய குளியல் துண்டு, சிமெண்ட், ஒரு வாளி. சிமெண்டும் சலித்த மணலும் சம பங்கு எடுத்து தோசை மாவுப் பதத்தில் கரைத்து, துண்டை நன்றாக ஊற விடுங்கள். கவிழ்த்த வாளியைப் பிளாஸ்டிக் தாளால் மூடி, துண்டை அதன் மேல் போர்த்துங்கள். மடிப்புகள் தாமாக விழும், நீங்கள் கொஞ்சம் திருத்தினால் போதும். நடுவில் ஒரு குச்சியைக் குத்தி வடிகால் ஓட்டை விடுங்கள். இரண்டு நாள் கழித்துக் கழற்றி, உள்ளும் புறமும் அதே கரைசலைப் பூசி, மேலும் ஒரு வாரம் ஈரம் காட்டுங்கள். உடனே மண் போட வேண்டாம். புதுச் சிமெண்டின் காரம் செடியைக் கொல்லும். தண்ணீர்த் தொட்டியில் மூழ்கவைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி இன்னொரு வாரம் ஊற விடுங்கள். காய்ந்த பின் வண்ணம் பூசலாம்.

ஃபேன் றெக்கையில் தட்டான்

சீலிங் ஃபேன் றெக்கை நாலு, பழைய கட்டில் கால் ஒன்று. றெக்கையில் ஏற்கெனவே திருகு ஓட்டை இருப்பதால் கட்டில் காலில் துளை போட்டு, போல்ட்டும் நட்டும் போட்டு முடுக்கினால் போதும், வெல்டிங் பட்டறைக்குப் போகத் தேவையில்லை. வளையாத கனமான கம்பியில் ஏற்றி, அடியில் ஒன்றரை அடி புதைத்துக் கான்கிரீட் போடுங்கள். காற்றின் எதிரே அகலப் பக்கத்தைக் காட்டாமல் கிழக்கு மேற்காக நிறுத்தினால் ஆடிக் காற்றைத் தாங்கும்.

டேபிள் ஃபேன் கிரில்லைக் கம்பத்தில் பூவாக நிறுத்தி, கீழே சங்குப்பூ விதை போடுங்கள். கொடி ஏறி கிரில் முழுக்க நீலமாகிவிடும். இரும்புக் கட்டில் இருந்தால் அதுதான் உங்கள் தோட்டத்தின் தலைமை: தலைமாட்டுக் கம்பியில் மஞ்சள் அடித்து, நடுவில் பாத்தி கட்டி, போர்வை விரித்தது போல ஒரே நிறப் பூவை நெருக்கமாக நடுங்கள். இப்படிப் பெரிய பொருள் வாசலுக்கு ஒன்றே போதும்.

செடிகள்

சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி மழை மறைவு நிலம். பல வீடுகளில் போர்த் தண்ணீர் உப்பு. அதற்குத் தகுந்த செடி எடுங்கள். காகிதப்பூ தண்ணீர் குறையக் குறையத்தான் பூக்கும். நித்தியகல்யாணி, வாடாமல்லி, கோழிக்கொண்டை எதற்கும் அசராது. ஆழமில்லாத தகர டப்பாவுக்கும் தேங்காய்த் தொட்டிக்கும் பத்துமணிப் பூ பொருத்தம், வெயில் ஏறியதும் விரியும். இட்லிப்பூவை எல்லாரும் விரும்புவோம். ஆனால் அது புளிப்பு மண்ணின் செடி, உப்புத் தண்ணீர் ஊற்றினால் இலை மஞ்சளாகும். மழைத்தண்ணீர் சேமிக்கும் வீட்டுக்கு மட்டும் அது சரி.

ஓணத்துக்கு அத்தப்பூக் கோலம் போடும் வீடு என்றால் ஆனி முதல் வாரத்தில் செண்டுமல்லி விதை விடுங்கள். ஒரு மாதத்துக்குள் எடுத்து நட்டால் ஆவணியில் கூடை நிறையப் பறிக்கலாம். ஓரத்தில் தானாக முளைக்கும் தும்பையைப் பிடுங்காதீர்கள், அத்தப்பூவில் முதல் மரியாதை அதற்குத்தான். அரளியும் டிஃபன்பாக்கியாவும் நஞ்சு. சின்னக் குழந்தைகள் இருக்கும் வீட்டில் தவிர்த்துவிடுங்கள்.

தொடர்ந்து பார்க்க வேண்டியவை

டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம் பத்து நாள் போதும். கேரளத்தில் ஞாயிற்றுக்கிழமையை வீடுகளின் 'டிரை டே' (தேங்கிய தண்ணீரை அகற்றும் நாள்) என்று வைத்திருப்பது அதனால்தான். அன்று தோட்டத்தை ஒரு சுற்று சுற்றி, டயர் மடிப்பு, நிமிர்ந்து கிடக்கும் சிரட்டை, கட்டில் கம்பியின் திறந்த வாய் எல்லாவற்றையும் பாருங்கள். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டை பாத்திரத்தின் சுவரில் ஒட்டி, உலர்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேய்த்துக் கழுவுங்கள். திறந்த குழாய் முனைகளைச் சிமெண்ட் வைத்து அடைத்துவிடுங்கள்.

ஒன்றிரண்டு வெயில் காலத்திலேயே பிளாஸ்டிக் பாட்டில் நொறுங்கத் தொடங்கும். விரலால் அழுத்தினால் விரிசல் விடும் நிலைக்கு வந்ததும் எடுத்துவிடுங்கள், தூளாகி மண்ணில் கலக்க விடாதீர்கள். மண்ணைத் தட்டி, கழுவி, காயவைத்து, பிளாஸ்டிக் கழிவு சேகரிக்க மாதம் ஒருமுறை வரும் ஹரித கர்ம சேனை அக்காக்களிடம் கொடுங்கள். அந்த இடத்துக்கு அடுத்த பாட்டில் வேண்டாம், ஒரு மண்பானையோ நீங்களே செய்த துணித் தொட்டியோ வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறை, தையில் வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது, அதே மூன்று நிறத்தில் இரும்புச் சாமான்களுக்கும் ஒரு கோட் கொடுத்துவிடுங்கள்.